ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

மகளுக்கு ரேஸ் சைக்கிள் வேண்டுமாம். ஆபீசுக்கு முன்னால் விடியற்காலையில் கோவளம் வரை ஓட்டுவாளாம். அவள் சேர்த்தது பத்தாமல் என் சீட்டுப் பணத்தையும் போட்டதால், கடைக்கு நானும் போனேன்.

கடைக்காரன் காட்டிய சைக்கிளில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டும் இல்லை.

"ஏட்டி, முழுசா ஒரு சைக்கிள் இவன்கிட்ட இல்லையா?" என்று மகளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வச்சா வெயிட்டு கூடும் அம்மே," என்றான் கடைக்காரன். இன்னும் எடை குறைந்ததற்கு இரட்டை விலை சொன்னான். கழற்றக் கழற்ற விலை ஏறுகிற சாமானை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லாம் உள்ள, விலையும் குறைந்த ஒரு சைக்கிளைத் தொட்டுக் காட்டினேன்.

"அதுல நீ போம்மா," என்றாள் மகள். கைப்பணத்துக்கு எட்டிய ரேஸ் சைக்கிளையே எடுத்தாள்.

பூசை போடாத வண்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று கிழக்கேகோட்டைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கார்களுக்கு நடுவில் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுத் தேங்காய் வாங்கப் போய்விட்டாள். வெயிலில் அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோயில் பூசாரி போற்றி பூசைக்கு வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினார். "அம்மே, ஒண்ணு மாறி நிக்கணே."

"மாறினா விழுந்துரும் போத்தி!"

அவர் சைக்கிளுக்கும் எனக்கும் சேர்த்தே தீர்த்தம் தெளித்தார்.