மீன் பேசியிருக்க வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு மீனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். நிஜ மீன் இல்லை, கார்ட்டூன் மீன். ஒரு வீடு பெரிசு இருக்கும். வானத்தில் நீந்தும். இங்கிலீஷ் பேசும்... அதுதான் பிரச்னையே.

வண்ணார்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவள் ஜைனப். அவள் கணவன் சாகுல் அரபு நாட்டில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். ஒரே மகள் ருக்சானா, ஐந்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுப் போன் எனக்குச் சொந்தமில்லை. சாகுல் கூப்பிடுவான். நான் மதில் ஓரம் நின்று குரல் கொடுப்பேன். தாயும் மகளும் ஓடி வருவார்கள். ஜைனப்புக்கு இரண்டு வார்த்தை பேசக் கிடைத்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் ருக்சானாதான்.

பள்ளிக்கூடக் கதை, பக்கத்து வீட்டுப் பூனை கதை எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள். "வாப்பா, அந்த மீனு திரும்பி வருமா?"

சாகுல் நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது டி.வி., டெக்கு எல்லாம் கொண்டு வந்தான். கூடவே ஒரு கார்ட்டூன் படக் கேசட். தண்ணீர் வற்றிப்போன ஒரு தீவு. அங்கே ஒரு சிறுமி. வானத்திலிருந்து இறங்கி வருகிறது ஒரு மீன். பேசாது. கண்ணை மட்டும் உருட்டும். அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேகம் மேகமாய்ப் போய் மழையைக் கூட்டி வரும். கடைசியில், வந்த வழியே மேகத்துக்கு அப்பால் போய்விடும். படத்தில் வசனமே கிடையாது என்று சொல்லலாம். தெருவே உட்கார்ந்து பார்த்தது. தெருவே மூக்கை உறிஞ்சியது. நானும்தான்.

அப்போது ருக்சானா வாப்பாவின் மடியில் இருந்தாள். அடுத்த வாரம் அவனும் கிளம்பிப் போனான்.

இப்போது திரும்ப வந்திருக்கிறான். வந்தவனைப் பார்த்து இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஜைனப் என்னிடம் வந்து புலம்பினாள். "போன்ல என்னா கொஞ்சு கொஞ்சுவா! நேர்ல வந்தா, 'உம்மா, அவுகளச் சாப்பிட வரச் சொல்லு'ங்கா. அவுகளாம்! யக்கா, அவுக மூஞ்சியப் பாக்க முடியல."

வாப்பா என்ற வார்த்தையே வீட்டில் கேட்கவில்லையாம்.

சாகுலிடம் ஒரு மருந்து இருந்தது. அந்த மீன் படத்தின் இரண்டாம் பாகம். கடை கடையாய்ச் சொல்லி வைத்து வாங்கினானாம். ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் நின்றான்.

"அக்கா, நீங்க வரணும். இந்தப் படம் பூரா இங்கிலீஷாப் பேசுதாங்க. பிள்ளைக்கு வெளங்கணும்லா?"

இங்கிலீஷ் டீச்சராக இருப்பதில் இப்படியும் ஒரு தொல்லை. போனேன். பாத்திரக்கடை அண்ணாச்சி எனக்கு முன்னாடியே வந்து நல்ல நாற்காலியைப் பிடித்திருந்தார். போன தடவை சத்தமாய் அழுதவர் அவர்தான். ருக்சானா மட்டும் வாசல் நடையில், கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன வாளா, வாப்பா பக்கத்துல" என்றான் சாகுல்.

"வீட்டுப்பாடம் இருக்குன்னு சொல்லு உம்மா."

சாகுல் கேசட்டைப் போட்டான். மேகம் விலகியது. மீன் தலையை நீட்டியது. நீட்டிய உடனே... பேச ஆரம்பித்துவிட்டது!

அப்படி ஒரு பேச்சு. மூச்சு விடாமல். 'நான் இல்லாமல் உனக்குப் பொழுதே போயிருக்காதே' என்றது. 'உங்கள் ஊர்க் காற்றில் என் செதிலெல்லாம் உதிர்கிறது' என்றது. நான் ஒன்றைத் தமிழில் சொல்வதற்குள் அது மூன்று ஜோக் அடித்துவிடும். சொல்லி முடித்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. என் வகுப்பு மாதிரியே ஆகிவிட்டது.

அண்ணாச்சிதான் கேட்டார். "ஏன்வே சாகுலு, இம்புட்டுப் பேசுத மீனு போன தடவ ஏன் வாயத் தொறக்கல? பல்லு வலியா?"

சாகுல் சிரிக்க முயன்றான். "இருங்க அண்ணாச்சி, இனிமத்தான் நல்லாருக்கும்." அவன் படத்தைப் பார்க்கவில்லை. நடைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ படத்தின் மேல் கோபம் கோபமாய் வந்தது. படமெல்லாம் அழகாய்த்தான் வரைந்திருக்கிறார்கள். அந்த மேகங்கள் போன பாகத்தைவிட ஒரு படி மேல். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தே நம்மை அழவைத்த மீனை இப்படியா வம்பளக்க விடுவது? யார் கேட்டார்கள்?

திரையில் அந்தச் சிறுமி மலைச்சரிவில் ஓடி வந்தாள். மீன் ஏதோ நீளமாக ஆரம்பித்தது. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.

ருக்சானா எழுந்து வந்தாள். ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தை முழுசாக நிறுத்தினாள்.

"மீனு பேசாது" என்றாள்.

யாரிடம் சொன்னாள்? டி.வி.யிடம்தான் சொன்ன மாதிரி இருந்தது. போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சாகுலும் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "சரி, பேசாட்டி... இப்ப அது என்ன நெனைக்குது?"

"இந்தப் பிள்ளைக்கு என்னைய ஞாபகம் இருக்கான்னு நெனைக்குது."

திரையில் சிறுமி பாய்ந்து போய் மீனின் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

"இது பொய்யி" என்றாள் ருக்சானா.

"எது?"

"இவ்வளவு வெரசா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க மாட்டா. எவ்வளவு வருசம் கழிச்சு வருது! அதே மீனுதானான்னு பைய நின்னுதான் பாப்பா."

அடுக்களை வாசலில் டீ டம்ளர்களோடு ஜைனப் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணாச்சி எதையோ சொல்ல வந்தார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

சாகுல் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். எத்தனை நாளு ஆகும்?"

"தெரியலயே வாப்பா."

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவுமில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்பான், அவள் சொல்வாள். இப்போது மீன் எங்கே போகுது? அது ஏன் திரும்பிப் பார்க்குது? என் வீட்டுப் போனில் பேசுகிற அதே பேச்சு. நடுவில் ஒயர்தான் இல்லை. படம் பாதியைத் தாண்டியபோது கணக்கு நோட்டு நடையில் தனியாகக் கிடந்தது. ருக்சானா வாப்பாவின் முழங்கையில் சாய்ந்திருந்தாள். எப்போது நகர்ந்தாள் என்று நானும் பார்க்கவில்லை.

இங்கிலீஷ் வசனம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொன்ன கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் கதைதான் நன்றாக இருந்தது.

முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். வானத்தில் நீந்தின மீன், அந்தச் சிறுமி வீட்டுக்குப் பின்னால் ஒரு குளத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய மீனை ஒரு குளத்துக்குள் அடைப்பதா? முதல் பாகத்தில் அது மேகத்துக்கு அப்பால் போனபோது நாங்கள் விட்ட கண்ணீருக்கு என்ன அர்த்தம்? கதையென்றால் சில பிரிவுகள் பிரிவாகவே இருக்க வேண்டாமா? பாடம் நடத்திப் பழகின வாய்... "முடிவு சரியில்லை" என்று சொல்லிவிட்டேன்.

ருக்சானா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போகட்டுமே டீச்சர்."

எத்தனையோ வருஷமாக மாணவர்களுக்கு நல்ல கதை எது, மோசமான கதை எது என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சாகுலுக்கு அடுத்த மாதம் லீவு முடிகிறது. அது அவளுக்கும் தெரியும்.

இந்த இரண்டாம் பாகம் நல்ல படமா என்று நீங்கள் கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. அசட்டுப் படம்தான். ஆனால் வராமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

கிளம்பும்போது சாகுல் வாசல் வரை வந்தான். முகமே மாறியிருந்தது. "மூணாம் பாகமும் வருதாம் அக்கா, கடைக்காரன் சொன்னான். வந்ததும் ஊருக்கு வாரவங்க யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பிருதேன்" என்றான்.

பின்னால் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஜைனப் நிமிராமலே சொன்னாள்.

"கொடுத்து அனுப்ப வேண்டாம் மச்சான். கொண்டுக்கிட்டு வாங்க."