நாலு வீட்டு ஈரல்

அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் நூர்ஜஹான் கறிக்கடையில் கறியைவிட அவள் வாய்க்குத்தான் பேர். புருசன் போன மறுமாசமே கத்தியைக் கையில் எடுத்தவள்; பதினோரு வருசமாகிறது. தராசில் ஏமாற்றமாட்டாள், பேச்சில் விட்டுக்கொடுக்கமாட்டாள். "என் கடை ஈரலத் தின்னும் ரத்தம் ஊறலன்னா வந்து என்னக் கேளுங்க" என்று தெருவே கேட்கச் சொல்வாள். சோகைக்கு இரும்புச்சத்து, கண்ணுக்கு விட்டமின் என்று கறி வாங்க வரும் நர்சம்மாவும் தலையாட்டுவார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மேலத்தெரு ராமாயியின் மருமகள் செம்மொழி, கல்யாணமாகி ஆறு வருசம் கழித்து இப்போதுதான் மாசமாகியிருக்கிறாள். இரண்டாம் மாதம். ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே ராமாயி கால் கிலோ ஈரல் வாங்கிப் போனாள். மறுநாள் செம்மொழியின் அம்மா வந்தாள். புதனன்று நாத்தனார், வெள்ளியன்று சித்தி. எல்லோரும் "செம்மொழிக்கு" என்றார்கள். ஒருத்தி வாங்கியது இன்னொருத்திக்குத் தெரியாது. நாலு வீட்டுப் பாசமும் ஒரே வயிற்றுக்குப் போவது அறுத்துக் கொடுக்கிறவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

சனிக்கிழமை கடை கழுவும்போதுதான் அது நூர்ஜஹானுக்கு உறைத்தது. போன வருசம் தன் மகள் ஷமா மாசமாக இருந்தபோது டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "ஈரல்ல விட்டமின் ஏ கொட்டிக் கிடக்கு. மிஞ்சினத ஒடம்பு வெளிய தள்ளாது, சேத்து வெச்சுக்கும். முதல் மாசங்கள்ல அளவு மீறினா கருவுக்கே கோளாறு வரலாம்."

ஞாயிறு காலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமாயி வந்தாள்.

"நூரு, அரைக்கிலோ ஈரல் போடு."

"இல்லக்கா."

"கண்ணு முன்னாடி தொங்குதே!"

"தொங்குது. செம்மொழிக்குத் தரமாட்டேன்." காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

ராமாயிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இத்தினி வருசமா ஈரல் ஈரல்னு கூவினது யாரு? இப்ப என் மருமக தின்னா மட்டும் ஆகாதா? ஊர்ல ஒன் கடை ஒண்ணுதானா?" என்று விடுவிடுவென எதிர்க்கடைக்கு நடந்தாள்.

எதிர்க்கடை துரைராசுவுடையது. சாக்கடைத் தகராறில் அவரும் நூர்ஜஹானும் பேசி மூன்று வருசமாகிறது. ரோசம் பார்க்கிற நேரமா இது? கத்தியைப் போட்டுவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"துரைராசு அண்ணே! அவங்க மருமகளுக்கு ரெண்டாம் மாசம். நாலு வீட்டு ஈரல் போயிருக்கு. குடுத்துடாதீங்க!"

துரைராசு நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் இரண்டு ஈரல் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தன.

"ஈரல் தீந்துபோச்சும்மா" என்றார்.

ராமாயி ஈரலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. நூர்ஜஹான் கடைக்கே திரும்பி வந்தாள்.

"ஆறு வருசம் காத்துக் கெடந்து வந்த புள்ள நூரு. நானே கெடுத்துட்டேனா?"

"அட போங்கக்கா! ஒரு வாரந்தானே. நாளைக்கே டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயி, தின்னத ஒண்ணுவிடாம சொல்லுங்க. தப்பு என்மேலதான். பெருமையச் சொன்னேன், அளவச் சொல்லல." சொல்லிக்கொண்டே சுவரொட்டியை எடுத்து இலையில் வைத்தாள். ஆட்டின் மண்ணீரல் அது. ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். "ரத்தத்துக்கு இது போதும். அந்த விட்டமின் தொல்லை இதுல இல்ல. நல்லா வேகவெச்சுக் குடுங்க, டாக்டர் குடுத்த சத்து மாத்திரைய நிறுத்தாதீங்க."

ராமாயி வாங்கிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கடை முன்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஞாயித்துக்கெழம, சம்பந்தியும் கறிக்கு வருவா இப்ப. வரட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, செம்மொழியின் அம்மா கூடையோடு வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ராமாயி, துரைராசு, கறி வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஈரல் தீந்துபோச்சு!"