டாக்டர் ஞானசெல்வி என்மேல் எழுதிய புகார்

கல்லூரிப் பெண் ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்தத் திட்டுற டாக்டரம்மா காலையில இறந்துட்டாகளாம். நெஞ்சுவலியாம்." நான் வாயில் பிடித்திருந்த நூல் அறுந்தது. எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் திட்டுகிற டாக்டர் ஒருவர்தான்.

தோல் மருத்துவர் ஞானசெல்வியை அறிந்தவர்களே, அவரை அன்பானவர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பருவுக்கு மருந்து கேட்டுப் போன பிள்ளைகளைக்கூட அழவைத்துத்தான் அனுப்புவார். அது சரியென்று இன்றும் சொல்லமாட்டேன். பல வருடம் நான் அவரை வெறுத்தேன். அவருக்கும் என்னைப் பிடிக்காது.

ராஜபாளையத்தில் என் அழகு நிலையத்தை விரிவாக்கியபோது வாசலில் ஒரு பேனர் கட்டினேன். 'பத்து வயது குறையும்' என்று பெரிதாகப் போட்டிருந்தேன். மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் முகத்தில் ஊசி போடப் பழகி, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். ஒரு மத்தியானம் டாக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உள்ளே வந்தார். நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"எந்தப் பத்து வயசு குறையும்ட்டி? முதல் பத்தா, கடைசிப் பத்தா?"

வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரிடம் கூட்டம் குறைந்துவிட்டது, அந்தப் பொறாமையில் பேசுகிறார் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பொய் என்று எனக்கே தெரியும்.

மம்சாபுரத்திலிருந்து சாந்தி டீச்சர் வந்தது அதற்கு அடுத்த வருடம். கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. "அவிய பாத்துட்டுப் போனப்ப இந்தக் கோடு இல்லக்கா" என்று மூக்கோரத்திலிருந்து வாய்வரை விழுந்திருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார். குழியை நிரப்பும் ஊசியைப் போட்டேன். போட்டதுமே அந்த இடம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்தது. சற்று நேரத்தில் ஊதா நிறத்தில் வலைபோலப் பரவியது. டீச்சர் வலியில் என் கையைக் கிள்ளினார். பயிற்சி கொடுத்தவருக்குப் போன் போட்டேன். ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

எனக்குப் போக வேறு இடம் இல்லை. ஆட்டோவில் டீச்சரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். டாக்டர் விரலால் அந்த இடத்தை அழுத்தி, எடுத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பவில்லை.

"என்ன மருந்து? எம்புட்டுப் போட்ட? எத்தன மணிக்கு?" மூன்றே கேள்விகள். ஐஸ் வைத்தேன் என்றதும் அதை என் கையிலிருந்து பிடுங்கி வெளியே வீசினார். "ரத்தக்குழாய அடைச்சிட்டு மேல ஐஸ் வேறயா? வெந்நீர்த் துணி பிடிட்டி."

அடைப்பைக் கரைக்கும் மருந்து அவரிடம் இல்லை. கண் ஆபரேஷனுக்கு அதைப் பயன்படுத்துவார்கள் என்று சொல்லி, தெரிந்த கண் மருத்துவரிடம் போனில் கேட்டு, தன் நர்ஸையே அனுப்பி வாங்கிவரச் செய்தார். மருந்து ஏறியது. திரும்பத் திரும்ப ஊசி, அழுத்தல், வெந்நீர்த் துணி. சாயங்காலம்வரை அந்த முகத்தை விட்டு அவர் நகரவில்லை. கடைசியில் விரலை எடுத்ததும் தோல் மெல்லச் சிவந்தது. "ரத்தம் வருது" என்றார். நான் அழுதுவிட்டேன். டீச்சரின் மூக்கோரத்தில் சின்னத் தழும்பு மட்டும் நின்றது.

"இந்த மூஞ்சியப் பாத்து என்ன சொல்லுவாகளோ" என்று டீச்சர் விம்மியபோது, "உம் புருசன் மூஞ்சியில மட்டும் கோடு விழாமலா இருக்கு? போய் அதப் பாரு" என்றார் டாக்டர்.

நான் அவர் காலில் விழப்போனேன். விலகிக்கொண்டு மேசைக்குப் போய் எழுத ஆரம்பித்தார். என் பெயரை முதலெழுத்தோடு கேட்டார். மருந்துச் சீட்டு என்றுதான் நினைத்தேன்.

"இது உம்மேல புகார். நீ ஓடி ஒளியாம கூட்டிட்டு வந்ததால அவ மூக்கு பொழச்சுது. அதையும் எழுதியிருக்கேன். ஊசி போட்டதையும் எழுதியிருக்கேன்."

அதிகாரிகள் வந்து என் ஊசி அறையைப் பூட்டி சீல் வைத்தார்கள். மறுநாளே டாக்டரிடம் சண்டை போடப் போனேன். கையைக் காட்டி, "செத்த நேரம் உட்காரு" என்றார். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் சிவப்பழகுக் க்ரீம் பூசித் தோல் மெலிந்து, வெயிலில் நின்றாலே எரிகிறது என்றவர்கள். சுந்தரபாண்டியத்துப் பெண் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்கதானக்கா எனக்கு இந்தக் க்ரீம் குடுத்தீய?"

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பெண்ணுக்கு மருந்து எழுதினார். போட வந்த சண்டையைப் போடாமலே எழுந்து வந்தேன். வாசலில் வைத்து ஒன்று மட்டும் சொன்னார்: "ஒரு ஊசி தசையத் தூங்க வைக்கும், ஒண்ணு குழிய நிரப்பும். ரெண்டும் கொஞ்ச நாள்ல கரைஞ்சிரும். முகத்துக்குள்ள எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு படிச்சவன் போட்டாலே பயந்துதான் போடணும். நீ பயப்படவே இல்லயேட்டி."

அதன் பிறகும் நாங்கள் நட்பாகவில்லை. வழியில் கண்டால் அவர் தலையசைக்கமாட்டார். அந்த அறைக்கு வைத்த சீல் பிறகு நீங்கியது, ஆனால் ஊசிக்காக நான் அதைத் திறக்கவே இல்லை. இப்போது அதில் துண்டுகள் காயப்போடுகிறோம்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் ஒரு பெண் வந்தாள். மகளின் நிச்சயதார்த்தத்தில் தான் அக்காபோலத் தெரியவேண்டுமாம். வெளியூரில் ஊசி போடுகிறார்களாமே, நீங்களும் போடுங்கள் என்றாள். இதமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாயாடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் ஞானசெல்வியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கோபம். அவர் அதை என் கையில் கொடுக்கவில்லை, என் முகத்தில் வீசினார். நான் வைத்துக்கொண்டேன்.