முப்பத்தெட்டுப் பேருக்கான தொட்டி

கழிவுநீர்த் திட்டம் எதுவானாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: எத்தனை பேர்? தொட்டியின் ஆழம், கல் படுக்கையின் நீளம், தண்ணீர் உள்ளே தங்கவேண்டிய நேரம் எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் வரும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு லொட்ஜுக்கு நான் வரைந்த படத்தின் மேல் மூலையில் முப்பத்தெட்டு என்று எழுதினேன். அங்கே எண்பதுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

அப்போது மருதானையில் ஒரு சிறிய பொறியியல் நிறுவனத்தில் வேலை செய்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் கணவரும் நானும் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் என் தாய்வீட்டில் நின்று படித்த மகனைப் பத்தொன்பது வயதில் கொழும்புக்கு எடுப்பித்தபோது, வீட்டுக்காரி அவனைப் பொலிஸ் பதிவில் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார். அது யுத்த காலம்; கொழும்பில் தங்கும் தமிழர் ஒவ்வொருவரையும் வீட்டுக்காரர் பொலிசில் பதியவேண்டும். இளந்தாரிப் பெடியனை வைத்திருந்தால் தனக்குக் கரைச்சல் வரும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தன் கழிவுநீர்ப் பிரச்சினைக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த லொட்ஜ் முதலாளிதான் மகனுக்கு ஒரு படுக்கை தந்தார். பதிவு இல்லை. அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பெருமை இருந்தது. பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கழிவு முதலில் மூடிய தொட்டியில் படியும். பிறகு கல்வாழை நட்ட சரளைக்கல் படுக்கைக்குள்ளால் மெல்ல ஊறித் தெளிந்து வரும். ஒரு பங்கை வாளியால் அள்ளி மலசலகூடத்துக்கே ஊற்றலாம், மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். மின்வெட்டு நாளிலும் வேலை செய்யும். மோட்டர் இல்லாமல் சரிவையும் செடியையும் நம்பி வரைந்தேன் என்று கணவரிடம் பலமுறை சொல்லியிருப்பேன். ஆனால் அப்படியான படுக்கை எதைப் பொறுத்தாலும் ஆட்தொகையில் பொய்யைப் பொறுக்காது. அதையும் நான் படித்திருந்தேன்.

அளவெடுக்கப் போன அன்று அறை அறையாகப் பார்த்தேன். மகனுடைய அறையில் ஆறு பாய்கள் சுருட்டிக் கிடந்தன. மாடிப்படிக்குக் கீழே துணி கட்டி மறைத்த இடத்தில் வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவருடைய சின்ன மகளும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்த கணவர் கூப்பிடும்வரை அந்தப் பெண் காத்திருந்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்து என் மகனுக்கும் ஒரு கோப்பையில் போட்டு வைப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

முதலாளியிடம் ஆட்தொகையைக் கேட்டேன்.

"பொலிசுக்குக் குடுத்த லிஸ்ட்டில எத்தினை பேரோ, அத்தினை பேருக்குப் போடுங்கோ மிஸ். கூட எழுதினா ஆரெண்டு கேப்பாங்கள். உங்கட பெடியனும் அந்தக் கூடின ஆக்களுக்குள்ளதானே."

வழி இல்லாமல் இல்லை. நாளைக்கு மேலே ஒரு மாடி கட்டுவார்கள் என்று எழுதியிருக்கலாம். சலவைத் தண்ணீர் அதிகம் என்று எழுதியிருக்கலாம். தொட்டி பெருத்திருக்கும், யாரும் ஆட்களை எண்ணியிருக்க மாட்டார்கள். முதலாளி முற்றம் போதாது என்று முணுமுணுத்திருப்பார், அவ்வளவுதான். அந்த யோசனைகள் எனக்கு வந்தன. பெரிய தொட்டியைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் என்ற யோசனையும் கூடவே வந்தது. முப்பத்தெட்டு என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

ஏழெட்டு மாதத்தில் கல்வாழை மஞ்சளித்தது. சரளைக்கு மேலே கறுத்த தண்ணீர் நின்றது. மகனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதையும் பார்த்தேன். பவுசர் லொறி பிடித்துத் தொட்டியை இறைக்கச் சொன்னேன், ஒருமுறை இறைத்தார்கள். பிறகு மகன் கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்தேன்.

லொட்ஜ் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அவர்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் பாவித்தார்கள். அங்கே மண் முழுக்கக் கடல் மணல். எதையும் நிறுத்தி வைக்காது. அந்த வீட்டு ஆறு வயதுப் பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல், டைபாய்ட், வந்தது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் என்னை லொட்ஜுக்கு அழைப்பித்தார். பின்முற்றத்தில் முதலாளி நின்றார், அயல்வீட்டுத் தாய் நின்றார். மொட்டையடித்த பிள்ளை அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது. கிணற்றில் கழிவு கலந்திருக்கிறது என்று பரிசோதகர் சொன்னார். திட்டம் எத்தனை பேருக்கு என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். அந்தத் தாய் கோபப்படவில்லை. மிஸ் படித்தவர், பிறகு ஏன் இப்படி ஆனது என்று சிங்களத்தில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

என் மகன் அப்போது பத்திரமாக இருந்தான். நான் காப்பாற்ற வேண்டியிருந்தது என் கையொப்பத்தை மட்டும்தான்.

திட்டத்தில் பிழையில்லை என்றேன். இருப்பவர்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை, அறைக்குள் சமைத்து எண்ணெயை ஊற்றுகிறார்கள், மலசலகூடத்தில் துணி போடுகிறார்கள் என்றேன். நல்ல சிங்களத்தில், தடுமாறாமல் சொன்னேன். சொல்லும்போது என் கை மாடிப்படிப் பக்கம் நீண்டது. துணி மறைப்பை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் எங்களைப் பார்த்தபடி நின்றார்.

பரிசோதகர் எழுதிக்கொண்டார். முதலாளி அதையே பிடித்துக்கொண்டு, பதிவில் இல்லாத எல்லாரையும் ஒரு கிழமைக்குள் அறையை விட்டு எழும்பச் சொன்னார்.

அந்தக் கிழமையின் கடைசி நாள் நான் அங்கே போனது அவர்களைப் பார்க்க அல்ல, தொட்டியைப் பார்க்க. வாசலில் இரண்டு பைகளோடு அந்தப் பெண் நின்றார். மகள் ஒரு பிஸ்கட் டின்னை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எனக்குச் சிங்களம் விளங்காது, தங்கச்சி. நீங்கள் கையால காட்டினது விளங்கினது," என்றார். "முதலாளி பிறகு எல்லாம் சொன்னவர். நான் கஞ்சித் தண்ணியைக்கூட வெளியில கொண்டுபோய்த்தான் ஊத்துறனான். நீங்கள் கண்டனீங்கள்தானே."

கண்டிருந்தேன். சின்ன வாளியில் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குக் கொண்டுபோவார்.

"அண்டைக்கு வாயில அப்பிடி வந்திட்டுது அக்கா," என்றேன்.

அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு, "உங்கட பெடியன் கனடா போய்ச் சேர்ந்திட்டான்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அது போதும்."

எங்கே போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் அனெக்ஸில் இரண்டு நாளாவது வைத்திருக்க வேண்டி வந்திருக்கும். தெமட்டகொடையில் ஒரு அறை எடுத்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். பொலிஸ் சோதனையில் பிடித்து வவுனியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நான் போய் விசாரிக்கவில்லை.

அடுத்த மாதம் முதலாளி திட்டத்தைத் திருத்திக் கேட்டார். சலவைத் தண்ணீர் என்று காரணம் எழுதி, இரண்டாவது படுக்கை ஒன்றைச் சேர்த்து வரைந்தேன். ஒரு பின்னேரம்கூட எடுக்கவில்லை. முற்றத்தில் இடமும் இருந்தது.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து கோல் எடுப்பான். சாப்பிட்டாயா, குளிருக்குப் போட்டாயா என்று நான் கேட்டு முடிந்ததும், படிக்குக் கீழே இருந்த அன்ரி எப்படி என்று கேட்பான். போன கிழமையும் கேட்டான். அவருடைய மகளுக்குக் கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறானாம், விலாசம் வேண்டுமாம்.

அன்ரியைக் கணவர் கூப்பிட்டுத் தாயும் மகளும் வெளிநாடு போய்விட்டார்கள் என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றான்.

ஓம் என்றேன்.