இருசம்மாளின் இடுப்புத் துணி

இருசம்மாள் கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்டவைப்பாள். காலையில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும் நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, "இன்னொருவாட்டி செய்யுடி" என்பார்கள். நான் பார்க்காத மாதிரி பால்வாளியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

செலண்டாருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலை. அவள் பெம்பானிலிருந்து நல்லமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் அடுத்த வீட்டுக்கு வந்தவள். மரத்தின் அடிப்பட்டையைச் சீவக் குந்தினால் எனக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். அவளோ குந்தியபடியே மரத்தைச் சுற்றி வந்துவிடுவாள். "மங்களம், அந்தப் புள்ளையப் பாத்துக் கத்துக்க" என்று கங்காணி ரங்கசாமி எல்லார் முன்னாலும் சொன்னார். பத்து வருஷம் கத்தி பிடித்தவள் நான். எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. "அவ ஒடம்புல எலும்பே இல்லலா" என்றார். அன்று அவர் குழம்பில் நான் உப்பே போடவில்லை.

வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்ட மூன்றாம் வருஷம், நாங்கள் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகும்போது வேலி வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைச் சோதிக்க சுப்பம்மா என்று ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவளைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடப் போக முடியாது.

அந்த வருஷம்தான் இருசம்மாள் உண்டானாள். ஆறாம் மாதத்தில் நடை மாறிவிட்டது. காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். படுத்தால் புரள முடியவில்லை, ஒற்றைக்காலில் நின்று பாவாடை மாட்ட முடியவில்லை, தொடை சேருமிடத்தில் எலும்பு உரசுகிறது என்று அழுதாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தங்கையா பார்த்துவிட்டு, "ஒனக்குப் பொறந்ததுலேருந்தே மூட்டெல்லாம் தளர்ச்சிம்மா. புள்ளத்தாச்சிக்கு இடுப்பு எலும்பு நெகிழத்தான் செய்யும். ஒனக்கு ரொம்ப நெகிழ்ந்துபோச்சு. துணியால இறுக்கிக் கட்டிக்க, வாளி தூக்காத" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவளுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்த வேலையை எனக்குத் தருவதாகக் கங்காணி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூன்று பெற்றவள். மூன்றுக்கும் வலி எடுத்த நாள்வரை வாளி சுமந்தேன். எனக்கும்தான் இடுப்பு வலித்தது, யார் கேட்டார்கள்? உடம்பு வளைந்தால் அவளுக்குப் பாராட்டு, வளைந்த உடம்பு வலித்தால் அவளுக்கு உட்கார்ந்த வேலை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நடிக்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

கொட்டகை வேலிக்கு வெளியே, ஆலைப் பக்கம் இருந்தது. அவள் அங்கே போக வேண்டிய முதல் நாள் காலை, வரிசையில் நான் அவளுக்கு முன்னால் நின்றேன். சுப்பம்மா என்னைத் தடவும்போது, "பின்னால வர்றாளே இருசம்மா, இடுப்புல ரெண்டு சுத்துத் துணி கட்டியிருக்கா. எதுக்குன்னு கேளேன்" என்றேன்.

அரிசி என்று நான் சொல்லவேயில்லை.

சுப்பம்மா ஓலைத்தட்டி மறைப்புக்குள் அவளைக் கூட்டிப்போனாள். துணியை அவிழ்த்து உதறச் சொன்னாள். பிறகு காலை அகட்டிக் குந்தச் சொன்னாள். குந்தியவளால் எழ முடியவில்லை. அவள் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துணியில் ஒரு மணி அரிசி இல்லை.

"மங்களக்கா! இங்க வாங்கக்கா, கட்டி விடுங்கக்கா!"

அத்தனை பேரில் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். போனேன். முதுகுக்கு முழங்காலை அண்டக் கொடுத்து இழுத்துக் கட்டினேன். என் கைக்கடியில் அவள் எலும்பு நகர்ந்தது. அது நடிப்பில்லை என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

பிரசவம்வரை அவள் பாயைவிட்டு எழவில்லை. கொட்டகை வேலை எனக்கு வந்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, ஜெயமணி என்று பேர் வைத்தார்கள். இருசம்மாள் திரும்பவும் பால்வெட்டப் போனாள், ஆனால் நடை கொஞ்சம் இழுத்தது. காலையில் குழந்தையை என் தொட்டிலில்தான் போட்டுவிட்டுப் போவாள். அதை ஆட்டும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு சுப்பம்மாகிட்ட சொன்னது நான்தான்டி."

"தெரியுங்கக்கா. பின்னாலதான நின்னேன், காதுல விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்புட்ட?"

"இடுப்பு பிரியுதுக்கா. கையில பலம் உள்ளவங்கதான வேணும்? இந்த லயத்துல ஒங்களாட்டம் இறுக்கிக் கட்ட யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கி இடுப்பில் வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், வலியில் செத்தாலும் காட்டிக்கொடுத்தவளைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அவள் கட்டைவிரல் வளைந்ததைவிட, அவளால் கூப்பிட முடிந்ததுதான் எனக்கு அதிகம் எரிந்தது.