பூச்சட்டி லேபிளில் விழுந்த ஓட்டைகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் நானும் என் தோழி ஒருத்தியும் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைந்துகொண்டிருந்தோம். ஒரே வயசு, சாத்தூரிலிருந்து ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். என் தூக்குவாளியில் மீன்குழம்பு இருந்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒரு வருஷம், தீபாவளிச் சீசன் முடிந்ததும் ஓர் ஆளைத்தான் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆளுக்கொரு லேபிள் வரைய வேண்டும். யாருடையது பிடிக்கிறதோ அவளுக்கு வேலை. "யாருக்குக் கெடச்சாலும் நம்ம பளக்கம் போயிறக் கூடாது புள்ள" என்றாள். நம்பினேன்.

எனக்கு விழுந்தது பூச்சட்டி, அதாவது புஸ்வாணம்; அவளுக்குச் சங்குசக்கரம். சட்டியிலிருந்து தீ பீறிட்டு விரிகிற மாதிரி இதழ் மேல் இதழாக வரைந்தேன். தங்க மை ஒரே நிறம் என்பதால் எல்லா இதழையும் சேர்த்து ஒரே உருவமாக்கினேன். திரையில் கண்ணைப் பறித்தது. அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, கோடுகள் மட்டும் தெரிகிற பார்வைக்கு மாற்றச் சொன்னாள். இதழ்க் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்சமா இருக்கு. இப்படியே குடுத்துரு" என்றாள். சிவகாசியில் அச்சுக்குப் பிலிம் எடுக்கிற சென்டருக்கு எங்கள் வேலைகளைக் கொண்டுபோவது எப்போதும் அவள்தான். அன்றைக்கும் இரண்டு லேபிளையும் அவளே கொண்டுபோனாள்.

மாதிரி அச்சாகி வந்தது. இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடமெல்லாம் வெள்ளை. மூன்று விழுந்த இடத்தில் மறுபடி தங்கம். கரையான் அரித்த மாதிரி இருந்தது என் தீ. கம்பெனிக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க பூச்சட்டி பாதியில அணஞ்சிரும்னு நாங்களே அச்சடிச்சு ஒட்டணுமாக்கும்?" என்று கேட்டார். அவளுடைய சங்குசக்கரம் ஒரு பொத்தல் இல்லாமல் மின்னியது. முதலாளி என்னை அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். அவள் தோளில் சாய்ந்துதான் அழுதேன். "கம்ப்யூட்டரு செஞ்ச வேல, நீ என்ன பண்ணுவ" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் நானே சிவகாசி சென்டருக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "ஒங்க சாப்ட்வேர் கோடு எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கும். எல்லா இதழும் ஒரே பக்கம் சுத்துனா உள்ள பூராம் ரொப்பிரும். எங்க மெஷினு கோட்டை எண்ணும். ஒரு கோடு தாண்டுனா உள்ள, ரெண்டு தாண்டுனா வெளிய, அங்கன ஓட்டை விட்டுரும். அதான் எல்லாத்தையும் வெல்டு பண்ணி, உள்கோடெல்லாம் அழிச்சு, ஒரே வெளிக்கோடா ஆக்கி அனுப்புங்கன்னு ஒங்க கூட இருக்க பிள்ளைகிட்ட போன மாசமே சொல்லிவிட்டேனே. அவுக சொல்லலையா?"

அச்சகத்துக்குத் திரும்பி வந்தேன். அவள் சாப்பிடப் போயிருந்தாள். அவளுடைய சங்குசக்கரத்தைத் திறந்து கோடுகளை மட்டும் பார்த்தேன். எங்கும் ஒரு கோடு இன்னொன்றை வெட்டவில்லை. அத்தனை வளையமும் ஒரே வெளிக்கோடு. என் லேபிளை அம்சம் என்று சொன்ன அன்றைக்குக் காலையிலேயே அதைச் சேமித்திருந்தாள். மென்பொருள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது தன் விதிப்படி செய்தது. கோபமெல்லாம் அவள் மேல்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று நேராகவே கேட்டேன். சாத்தூரில் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "எங்க வீட்ல நான் ஒருத்திதான புள்ள சம்பாதிக்கேன்" என்றாள்.

எங்கள் வீட்டிலும் நான் ஒருத்திதான். அப்பா படுத்த படுக்கையானதை நான் வெளியில் சொன்ன ஒரே ஆள் அவள்.