கை படாமல் கியர்

முதல் நாள்

டிரைவிங் ஸ்கூலில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி சேகர் அண்ணன் என்னைக் காரின் இடது பக்கம் உட்கார வைத்தார். அது டூயல் கண்ட்ரோல் வண்டி. கற்றுக்கொள்பவருக்கு இருக்கிற மாதிரியே சொல்லித் தருபவர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும்.

"எம்மா வசந்தா, காலு பிரேக்குல இருக்கட்டும், கண்ணு ரோட்டுல இருக்கட்டும். கைய மடியில வச்சிக்க. ஸ்டியரிங் எங்கியாவது ஓடுனா மட்டும் புடி. வாயாலதான் சொல்லிக் குடுக்கணும்," என்றார்.

எனக்கு வாய்க்குப் பஞ்சமே கிடையாது. வேலை அப்போதே பிடித்துப்போனது. எனக்குத் தெரிந்து அந்த வருடத்தில், 2005இல், கடலூரில் கார் சொல்லித் தந்த பெண் நான் ஒருத்திதான். ரோட்டோரம் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

காலை பேட்ச் என்னுடையது. சில்வர் பீச் ரோட்டில் பனி கலையாத நேரத்தில் வண்டியை எடுப்போம். முதல் கியரில் போகிற காருக்கு ஒரு மயக்கம் உண்டு. நாம் நகர்கிறோமா, ரோடு நம்மை நோக்கி நகர்ந்து வருகிறதா என்றே தெரியாது. கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கூடவே வரும். அந்த வேகத்தில் போகும்போது மனிதர்கள் மனசில் கிடப்பதையெல்லாம் பேசிவிடுவார்கள். ஒரு அம்மா தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே நேராகப் புதுச்சேரி ரோட்டுக்கே போய்விடப் பார்த்தார். நான் பிரேக்கை அமுக்கியதும்தான் தூக்கம் கலைந்த மாதிரி, "ஐயோ, நான் வண்டியிலயா இருக்கேன்?" என்றார். அந்தக் காலை நேரங்கள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன.

நின்றுபோன இஞ்சின்

ஸ்டெல்லா டீச்சர் கடலூர் முதுநகர்க்காரர். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வாரா வாரம் பயிற்சி கொடுக்க வேண்டும். அவரால் பஸ் படி ஏற முடியாது. வீட்டில் கார் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. கூப்பிடுகிற டிரைவர்கள் வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள். ஒரு வாரம் விட்டாலும் கை மறுபடி இறுகிப் போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் டீச்சர் தானே ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார்.

பகலெல்லாம் பள்ளிக்கூடம் என்பதால் அவருக்குச் சாயங்கால பேட்ச். அதை நடத்தியது முரளி, முதலாளியின் மனைவியுடைய தம்பி. சிரித்த முகம், நெற்றியில் எப்போதும் விபூதி. கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் எல்லாரும் அவனுக்குத் தங்கச்சி.

கொஞ்ச நாளில் டீச்சர் நின்றுவிட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, "அக்கா, என் எல்.எல்.ஆரைக் குடுத்துடுங்க. எனக்கு இது சரியா வராது," என்றார்.

"சரியா வருதா இல்லையான்னு நான் பாத்துட்டுச் சொல்றேன். ஏறுங்க டீச்சர்," என்றேன்.

நன்றாகவே ஓட்டினார். கிளட்ச்சை விடுவதில் அத்தனை நிதானம். பீச் ரோட்டில் வண்டி மிதந்து போய்க்கொண்டிருந்தது. வெயில் முகத்தில் அடித்ததால் என் பக்கத்து வெயில் தட்டியை இறக்க மடியிலிருந்து கையை எடுத்தேன், அவ்வளவுதான். டீச்சர் கியரிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கால் கிளட்ச்சிலிருந்து நழுவ, வண்டி துள்ளி நின்றுவிட்டது.

அலைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. "முரளியா?" என்றேன்.

"கியர் போடறப்ப கை மேல கை வச்சிக்கிறாருக்கா. எடுக்கவே மாட்டேங்கறாரு. அப்பறம் கை கியர்ல நிக்கறதில்ல. 'பயப்படாத தங்கச்சி, பயப்படாத தங்கச்சி'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அந்த வார்த்தையக் கேட்டாலே இப்ப எனக்கு உடம்பு கூசுது," என்றார்.

"வீட்டுல சொன்னீங்களா?"

"சொன்னா அவரு கார வித்துடச் சொல்லிடுவாரு. எனக்கு வைத்தியமே வாணாம்னுடுவாரு. அவருக்குக் கை வரணும்க்கா. அதுக்குத்தான நான் வந்தேன்."

"இனிமே காலைல, ஸ்கூலுக்கு முன்னாடியே என்கிட்ட வாங்க. சாயங்காலம் நான் அவனக் கேக்கறேன். உங்க பேரு வெளிய வராது."

டீச்சர் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேரு வந்தா வரட்டும். நான் என்ன தப்பு பண்ணேன்? நானும் வரேன்," என்றார்.

சாயங்கால பேட்ச்

ஆபீஸ் என்பது ஒரே ஒரு அறை. முதலாளியின் மேசை, சுவரில் டிராபிக் சிக்னல் சார்ட், எதிரே ஒரு பெஞ்ச். பெஞ்சில் சாயங்கால பேட்ச் ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மேசைக்கு முன்னால் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒன்றையும் விழுங்கவில்லை.

முரளி சிரித்தான். "மாமா, கிளட்ச் விடவே தெரியாதவங்களுக்குக் கையப் புடிச்சுதான் சொல்லிக் குடுக்க முடியும். தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்லிக் குடுத்ததுக்கு நல்ல பேரு."

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா டீச்சர், சின்ன வண்டி. கத்துக்க வந்தா கை படத்தாம்மா செய்யும். இத ஒரு கம்ப்ளைண்ட்டா…"

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைத் தூக்கிப் போட்டிருப்பேன். "அண்ணே, எனக்கு நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க? கைய மடியில வைன்னுதான சொன்னீங்க? அது எனக்கு மட்டுந்தானா? மச்சானுக்குன்னா வேறயா?"

"வசந்தா, நீ சும்மா இரு."

"இருக்க மாட்டேன். கையப் புடிச்சாத்தான் கியர் வரும்னா, இந்தப் பெஞ்சுல இருக்கற எல்லார் கையையும் அவன் புடிச்சிருக்கணும். கேளுங்க இவுங்கள."

ஒருவர் சிக்னல் சார்ட்டை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் போலப் படித்தார். இன்னொருவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சர் தனியாக நின்றார். நான் பக்கத்தில் நின்றும் அவர் தனியாகத்தான் நின்றார். அவ்வளவுதான், கிளம்பிவிடுவார், கார் போய்விடும், அவர் கணவரின் கையும் போய்விடும் என்று நினைத்தேன்.

பெஞ்சின் ஓரத்தில் கபூர் பாய் இருந்தார். ஐஸ் பேக்டரியில் வேலை. அதிகம் பேசாதவர். முரளியோடு தினமும் டீ குடிக்கிறவர். அவர் கியர் போடுகிற தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு இத்தன நாளா ரெண்டாவது கியரே விழல. ஜாஸ்தியா திட்டுதான் வாங்கியிருக்கேன். கை நடுங்கி நடுங்கி வண்டி ஆஃப் ஆகும். ஒரு நாளும் முரளி தம்பி என் கையத் தொட்டதில்லீங்க."

அவர் பக்கத்தில் இருந்த காலேஜ் பையனும், "என் கையையும் தொட்டதில்ல சார்," என்றான். அப்புறம் இன்னொருவர் தலையாட்டினார்.

முதலாளி எல்லார் முகத்தையும் பார்த்தார். கடைசியில் முரளியைப் பார்த்தார். அவன் சிரிப்பு நின்றிருந்தது.

"மச்சான், வண்டிச் சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போ," என்றார்.

முதலாளியின் மனைவி ரொம்ப காலம் என்னிடம் பேசவில்லை. முரளி ஊருக்குள் என்னைப் பற்றிக் கண்டபடி பேசினான். முதலாளியும் என்னைப் பாராட்டிவிடவில்லை. மறுநாள் சாயங்கால பேட்ச் சாவியையும் என் முன்னால் வைத்து, "ரெண்டையும் நீயே பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கபூர் பாய் யாரையும் அடிக்கவில்லை, நியாயம் பேசவில்லை. தன் கைக்கு நடக்காததைச் சொன்னார். பொதுவிடத்தில் ஒரு பெண் தனியாக நிற்கும்போது தைரியம் என்பது பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த அளவுக்கே எத்தனை பேருக்கு வாய் வருவதில்லை என்பதையும் அன்று பார்த்தேன்.

டீச்சர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் முதல் தடவையே காரை எச் வடிவத்தில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். சிதம்பரத்துக்கு முதல் பயணம் போகும்போது துணைக்கு என்னையும் கூப்பிட்டார். அவர்கள் சொந்த கார். முன்னால் அவர் கணவர், பின்னால் நான். ஆலப்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், அதற்கு மேல் வெள்ளையாகப் புகை மாதிரிப் பனி. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, வானத்தில் போவது போல இருந்தது.

அவர் கணவர் தலையை மெல்லத் திருப்பி, குழறிய வார்த்தைகளில் என்னைக் கேட்டார்: "நீங்க… பிரேக்குல… கால் வச்சிருக்கீங்களா?"

"இந்த வண்டியில எனக்கு பிரேக்கே இல்லீங்க. எல்லாம் டீச்சர்தான்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மனைவியைப் பார்த்தார். பிறகு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார். பாலம் முடிவதற்குள் தூங்கிவிட்டார்.